அறுபது நிமிடம் இல்லாத போர்க்களம்

2009ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தான் போர்க்களத்துக்காக ஓர் உத்தரவு பிறப்பித்தார். படுகாயமடைந்த எந்தப் படைவீரரையும் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அது. அதற்காகக் கூடுதல் ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன. அறுவை சிகிச்சைக் குழுக்கள் முன்களத்துக்கு அருகே நகர்த்தப்பட்டன. 2001 முதல் 2014 வரை காயம்பட்ட 21,089 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. காயம்பட்டவரைக் கொண்டுசேர்க்க உத்தரவுக்கு முன் 90 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் அதன் பிறகு 43 நிமிடமாகச் சுருங்கியது. காயம்பட்டோரில் இறந்துபோனவர்களின் விகிதம் 13.7 சதவீதத்திலிருந்து 7.6 ஆனது. போர்க்கள மருத்துவ வரலாற்றில் இப்படியொரு சாதனை அரிது.

இந்தச் சாதனைக்கு அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆப்கானிஸ்தானின் வானம் அமெரிக்காவின் கையில் இருந்தது. தாலிபன்களிடம் அப்போது போர் விமானங்கள் கிடையாது. நெடுந்தொலைவு சுடும் பீரங்கிப் படையோ இரவு பகலாக மேலே சுற்றும் ட்ரோன் கூட்டமோ கிடையாது. சம வலிமையுள்ள இரு படைகள் மோதும் பெரும்போரில் இந்த நிபந்தனை முதல் நாளிலேயே உடைந்துவிடும். அப்போது காயம்பட்டவரை விழுந்த இடத்திலேயே பல மணி நேரம், சில வேளை பல நாட்கள், உயிரோடு காக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவர் பெரும்பாலும் மருத்துவராக இருக்கமாட்டார். எதிர்காலப் போர்களின் மருத்துவம் என்றதும் ரோபோக்களும் செயற்கை நுண்ணறிவும் பேச்சில் முந்திக்கொள்கின்றன. கிடைத்திருக்கும் சான்றுகளைப் படித்தால், உயிர்களைக் காக்கப்போவது ரத்தம், கட்டுத்துணி, செவிலிப் பணி, பக்கத்தில் நிற்கும் சகவீரனின் கைப்பழக்கம் ஆகிய பழைய விஷயங்களே என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியின் 'பாரமீட்டர்ஸ்' இதழில் 2023இல் வந்த கட்டுரை ஒன்று, பெரும்போர் மூண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,600 பேர் என்ற கணக்கில் இழப்பு தொடரும் என்று ராணுவ மருத்துவத் திட்டமிடுவோர் எதிர்பார்ப்பதாக எழுதியது. இறந்தவர், காயம்பட்டவர், நோயில் விழுந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருபது ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு நேர்ந்த சுமார் 50,000 இழப்புகளை அத்தகைய போர் இரண்டே வாரங்களில் தொட்டுவிடும். ஒரு சிறு மருத்துவமனையில் ஒரு நாளைக்கு இருபது அறுவை சிகிச்சைகள் நடந்தாலே ஊழியர்கள் சோர்ந்துபோவார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்தால் என்ன நடக்கும் என்பதை முதல் உலகப் போரின்போது 1916இல் பிரான்ஸின் சோம் நதிக்கரை காட்டியது. ஜூலை 1 என்ற ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தனர். அவர்களில் 19,240 பேர் இறந்தனர். ஹெய்லி போன்ற சிகிச்சை நிலையங்களில் கூடாரங்கள் நிரம்பி வழிந்தன, கேட்ட மருத்துவ ரயில்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை, காயம்பட்டவர்கள் வெளியே புல்தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். மருத்துவர்களுக்குத் திறமை இருந்தது. அவர்களுக்கு மேலே இருந்தவர்களின் கணக்குத்தான் தவறியது.

இன்றைய உக்ரைன் போர் அந்தப் பழைய நெருக்கடியைப் புதிய வடிவில் கொண்டுவந்திருக்கிறது. முன்களத்திலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஆழம்வரை வெடிகுண்டு சுமந்த ட்ரோன்களின் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. பகலில் நகரும் ஆம்புலன்ஸ் இலக்காகிவிடுகிறது. ஆகவே காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வது விடியலுக்கும் அந்திக்கும் ஒத்திவைக்கப்படுகிறது. மூடுபனிக்கும் மழைக்கும் காத்திருக்க நேர்கிறது. முன்களத்தில் ஹெலிகாப்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. காயம்பட்டவர்களை நிலைப்படுத்தும் மையங்கள் வீடுகளின் நிலவறைகளுக்கும் மண்ணுக்கடியில் தோண்டிய அறைகளுக்கும் இறங்கிவிட்டன. பத்து நிமிடத்துக்குள் ரத்தப்போக்கை நிறுத்துவது, ஒரு மணி நேரத்துக்குள் மேம்பட்ட சிகிச்சை, இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்று நேட்டோ வகுத்த காலவரிசையில், முதல் பத்து நிமிடம் மட்டுமே இத்தகைய களத்தில் மனிதர் கைக்குள் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012இல் வெளியான ஓர் ஆய்வு அசைக்க முடியாத விடை தந்தது. 2001 முதல் 2011 வரை களத்தில் இறந்த 4,596 அமெரிக்கப் படைவீரர்களின் மரணங்களை அது ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 87.3 சதவீதம் பேர் எந்த மருத்துவமனையையும் எட்டுமுன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பிழைத்திருக்கக்கூடியவர்கள். அவர்களிலும் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு. உலகின் மிக வசதியான ராணுவத்துக்கு, வானம் கையில் இருந்த காலத்தில், இதுதான் நிலை.

இதே போர்களில் ஒரு படைப்பிரிவு வேறுபட்டு நின்றது. அமெரிக்காவின் 75ஆவது ரேஞ்சர் ரெஜிமென்டில் 1990களின் இறுதியில் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிறிஸ்டல், குறி பார்த்துச் சுடுதல், உடற்பயிற்சி, சிறுகுழுப் போர்ப்பயிற்சி ஆகியவற்றோடு மருத்துவப் பயிற்சியையும் சேர்த்து நான்கு முதன்மைக் கடமைகளாக வகுத்தார். சமையல்காரர் முதல் தளபதி வரை ஒவ்வொருவரும் ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றாக வேண்டும். எட்டரை ஆண்டுப் போரில் அந்தப் பிரிவில் 419 பேர் காயமுற்றார்கள் அல்லது மாண்டார்கள். தடுக்கக்கூடிய காரணத்தால் மருத்துவமனைக்கு முன்பாக இறந்தவர் ஒருவர்கூட இல்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குக் காரணமில்லை. மருத்துவத்தை மருத்துவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடாமல் தளபதியின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதே காரணம். இந்த ஒரு பாடத்தை மற்றப் படைகள் கற்றுக்கொள்வதற்கு இத்தனை தயக்கம் காட்டியிருக்க வேண்டாம்.

ரத்தப்போக்கை நிறுத்தும் கருவிகளில் எளியது டூர்னிக்கெட் எனும் இறுக்குப்பட்டை. கையிலோ காலிலோ காயத்துக்கு மேலே சுற்றி, குச்சியைத் திருகி இறுக்கினால் ரத்தம் நிற்கும். பாக்தாதின் இப்ன் சினா மருத்துவமனையில் நடந்த ஆய்வில், உடல் அதிர்ச்சி நிலைக்குச் செல்லுமுன் இது கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் பின் கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 சதவீதம்தான். இவ்வளவு பயனுள்ள பட்டையை இருபதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நெடுங்காலம் வெறுத்தார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவர்களின் வெறுப்புக்குக் காரணம் இருந்தது. காயம்பட்டவர் வந்து சேர அந்நாளில் பல மணி நேரம் ஆனது. அதுவரை ரத்தமின்றி இறுக்கப்பட்டிருந்த கால் அழுகிப்போயிருக்கும். ஹெலிகாப்டர் வந்தபின் அந்தப் பயம் மறைந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பட்டை திரும்பி வந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

இப்போது உக்ரைனில் பழைய ஆபத்து மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் தசை மெல்லச் சாகத் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குப் பின் பட்டையைத் தளர்த்தினால், செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபினும் ரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ரத்தப்போக்கிலிருந்து தப்பியவர் காலை இழப்பார், அல்லது காலோடு உயிரையும் இழப்பார். அழுத்திக் கட்டினாலே நின்றுவிடக்கூடிய காயங்களுக்கும் பட்டை போடப்பட்டு, யாரும் அவிழ்த்துப் பார்க்காமல் மணிக்கணக்கில் விடப்பட்டதை அங்கு பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இனிக் கற்பிக்க வேண்டியது இரண்டு பாடங்கள்: எப்படிக் கட்டுவது, எப்போது அவிழ்ப்பது. காயம்பட்டவர் அதிர்ச்சி நிலையில் இல்லையென்றால், காயத்தைத் தொடர்ந்து கண்காணிக்க முடியுமென்றால், உறுப்பு துண்டாகவில்லையென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் பட்டையை அழுத்தக் கட்டாக மாற்றிப் பார்க்க வேண்டும். கட்டுவதற்குத் துணிவு போதும். அவிழ்ப்பதற்கு நிதானமும் தீர்ப்பும் வேண்டும். அதைப் பதுங்குகுழிக்குள் இருக்கும் இருபது வயது இளைஞனிடம் எதிர்பார்க்கிறோம் என்பதை மறக்கலாகாது.

மார்பிலும் வயிற்றிலும் ஓடும் ரத்தத்துக்குப் பட்டை கிடையாது. அங்கே இரண்டே வழிகள்: ரத்தம் ஏற்றுவது, அறுத்துத் தைப்பது. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து ஓரளவு கைகொடுக்கும். இந்தியா உட்பட 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு அதை மெய்ப்பித்தது. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன்; அதைத் தாண்டினால் தீங்காகவும் முடியலாம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. தூக்கிச் செல்லவே எட்டு மணி நேரம் ஆகும் களத்தில், இந்த ஊசி சகவீரன் கையிலோ களமருத்துவ உதவியாளர் பையிலோ இருந்தாக வேண்டும்.

ரத்தத்தின் கதை சற்று நின்று சொல்ல வேண்டியது. 1917இல் காம்ப்ரே சண்டையின்போது ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், ஓ வகை ரத்தத்தைச் சிட்ரேட் கலந்து ஐஸ் பெட்டியில் சேமித்து முன்களத்துக்குக் கொண்டுசென்றார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவில் ஃபெதெரிகோ டூரான் ஜோர்டாவும், மாட்ரிட்டில் கனடியரான நார்மன் பெத்யூனும் அதைப் பெரிய அளவில் செய்தார்கள். பிறகு ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்துச் சேமிக்கும் முறை வந்தது. நகர மருத்துவமனைக்கு அது வசதி. போர்க்களத்துக்கோ தொல்லை. வழக்கமான முறையில் தட்டணுக்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கா, அதுவும் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். வெறும் உப்புநீர் ஏற்றினால் ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் உறையவைக்கும் புரதங்கள் நீர்த்துப்போய் ரத்தப்போக்கு மேலும் கூடும். இதையெல்லாம் பட்டறிந்த பிறகு முன்களங்கள் பிரிக்காத முழு ரத்தத்துக்கே திரும்பிவிட்டன. உக்ரைனும் போர் தொடங்கிய பிறகு, மருத்துவமனைக்கு வெளியே ரத்தம் ஏற்றுவதற்கு வழிசெய்தது.

இங்கே ஒரு நுட்பம். ரத்தம் உறையாமல் காக்கச் சேர்க்கும் சிட்ரேட், ஏற்றியவரின் உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமின்றி ரத்தம் உறையாது, இதயம் ஒழுங்காகச் சுருங்காது. ஆகவே ரத்தத்தோடு கால்சியமும் கொடுக்க வேண்டும். காயம்பட்டவரின் உடல் குளிர்ந்தாலும் ரத்தம் உறைவது கெடும். கோடையிலும்கூட அவரைப் போர்த்த வேண்டும் என்பது இதனால்தான்.

சேமித்த முழு ரத்தம் மூன்று முதல் ஐந்து வாரம் தாங்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 3,600 பேர் வீழ்ந்து, அவர்களில் பத்தில் ஒருவருக்கு மட்டும் பத்து அலகு ரத்தம் வேண்டுமென்றால் அதுவே நாளுக்கு 3,600 அலகு. வாரத்துக்கு 25,200. இவ்வளவையும் குளிர்ச் சங்கிலி அறுபடாமல், குண்டு விழும் சாலைகள் வழியே கொண்டுசெல்ல வேண்டும். முடியாதபோது கைகொடுப்பது 'நடமாடும் ரத்த வங்கி' என்று சொல்லப்படும் முறை: படைக்குள்ளேயே எவருடைய ஓ வகை ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களின் அளவு குறைவு என்று முன்கூட்டியே பரிசோதித்துப் பட்டியலிட்டு, தேவைப்படும் நேரத்தில் அங்கேயே எடுத்து ஏற்றுவது. நார்வேயின் கடற்படைச் சிறப்புப் பிரிவினர் இதில் முன்னோடிகள். போருக்கு முன்பே செய்ய வேண்டிய பரிசோதனை இது. போர் வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

வெளியேற வழியே இல்லாத நிலையில் மருத்துவம் என்னவாகும் என்பதற்கு 1954இன் டியன் பியன் ஃபு முற்றுகை நல்ல பாடம். வியட்நாமின் அந்தப் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படையின் மருத்துவத் திட்டம் முழுக்க விமான ஓடுபாதையை நம்பியிருந்தது. காயம்பட்டவர்களை உடனுக்குடன் ஹனோய்க்குப் பறக்கவைத்துவிடலாம் என்பது கணக்கு. மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கி இரண்டு வாரங்களில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படையின் பீரங்கிகள் ஓடுபாதையை மூடிவிட்டன. மார்ச் 28 அன்று காயம்பட்டவர்களை ஏற்ற வந்த விமானம் திரும்பவே இல்லை. அதில் வந்த செவிலி ஜெனவீவ் த கலார் முற்றுகை முடியும்வரை அங்கேயே பணிசெய்தார். அறுவை சிகிச்சை நிபுணர் போல் க்ரோவன் மண்ணுக்கடியில் இருந்த மருத்துவமனையில் மழைநீரும் சேறும் புகுந்த நிலையில் மே 7 வரை தொடர்ந்து அறுத்தார், தைத்தார். காயங்களில் புழு வைத்தபோது, அவை அழுகிய சதையைத் தின்று புண்ணைச் சுத்தம் செய்வதைக் கவனித்து அப்படியே விட்டார். எதிர்த்தரப்பில் டோன் தட் துங் என்ற வியட்நாம் அறுவை சிகிச்சை நிபுணரும் அதே வகைக் காயங்களோடு போராடிக்கொண்டிருந்தார். முற்றுகை முடிந்தபின் படுகாயமடைந்த பிரெஞ்சுத் தரப்பினர் 800க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வியட்மின் தரப்பு இசைந்தது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரக் கதை இல்லை. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் இலங்கையின் வன்னியில், ஒரு துண்டு நிலத்துக்குள் லட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தபோது, அரச மருத்துவர்கள் சிலர் புதுக்குடியிருப்பிலும் பின்னர் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த தற்காலிக மருத்துவமனைகளிலும் போதிய மயக்க மருந்தோ ரத்தமோ இல்லாமல் பணியாற்றினார்கள். முன்களப் பகுதி மருத்துவமனைகள் மீது, அவற்றின் இருப்பிடம் அரசுக்குத் தெரிந்திருந்தும், எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது; மக்களை வெளியேறவிடாமல் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு பிப்ரவரி முதல் மே வரை காயம்பட்டோரும் நோயாளிகளும் உடன்சென்றோருமாக 13,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல்வழியே திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. புல்மோட்டையில் அவர்களுக்குச் சிகிச்சையளித்தவர்களில் இந்தியாவிலிருந்து சென்ற மருத்துவக் குழுவும் உண்டு. கடல்வழி திறந்த நாட்களில் உயிர்கள் பிழைத்தன. கப்பல் வர முடியாத நாட்களில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்து தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியேற்றம் தாமதிக்கும்போது செவிலிப் பணியே பெரிய மருத்துவமாகிறது. அமெரிக்க ராணுவ மருத்துவத்தில் நீடித்த காயச் சிகிச்சைக்கென வழிகாட்டு நெறிகள் 2021இன் இறுதியில் வந்தன. அவற்றில் வீரதீரமான செயல் எதுவும் இல்லை. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று மணிக்கு மணி அளந்து எழுதுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வாய் சுத்தம், கட்டு மாற்றுதல், வலிக்குச் சிறிது சிறிதாகக் கெட்டமின், விழுங்க முடிந்தவருக்கு உடனே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. படைகள் தங்கள் களமருத்துவ உதவியாளர்களுக்கு இந்தப் பொறுமையான வேலைகளைக் குறைவாகவே கற்பித்து வந்திருக்கின்றன. ஓர் அனுபவமுள்ள வார்டு செவிலிக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தாலே பதுங்குகுழியில் பல உயிர்கள் மிஞ்சும்.

தாமதத்தோடு கிருமியும் வரும். ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உக்ரைனின் வின்னிட்சியா மருத்துவர்களோடு சேர்ந்து 141 நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகள் அச்சமூட்டுபவை. க்ளெப்சியெல்லா உள்ளிட்ட கிருமிகள் பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்துக்கும் சில அசையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 4,000க்கும் மேற்பட்ட உக்ரைன் நோயாளிகளைத் தன் மருத்துவமனைகளில் ஏற்றது. நல்ல செயல். அதே பாதையில் கிருமிகளும் பயணிக்கின்றன என்பதால், வந்தவுடன் பரிசோதனை, தனியறை, கைசுத்தம் ஆகியவற்றை அந்த மருத்துவமனைகள் கண்டிப்பாக்க வேண்டியிருந்தது.

அதே வின்னிட்சியாவுக்கு அருகேதான், 1854-55இல் கிரிமியப் போரின் செவஸ்தபோல் முற்றுகையில் காயம்பட்டவர்களைத் தரம்பிரித்துச் சிகிச்சையளிக்கும் முறையை ஒழுங்குபடுத்திய ருஷ்ய மருத்துவர் நிக்கலாய் பிரகோவின் உடல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. போரைக் காயங்களின் கொள்ளைநோய் என்று வரையறுத்தவர் அவர். முதலில் யாரை மேசையில் கிடத்துவது என்பதைக் குழப்பத்தில் விடாமல் முன்பே முறைப்படுத்தினால், அறுவைக் கத்தியைவிட அதிக உயிர்களைக் காக்கலாம் என்று கண்டார். பெரும்போரில் இந்தத் தரம்பிரித்தல் கொடுமையாகும். அமைதிக் காலத்தில் பன்னிரண்டு அலகு ரத்தமும் நான்கு மணி நேர அறுவையும் கொடுத்துக் காப்பாற்றக்கூடிய ஒருவரை, அந்த ரத்தத்தால் நான்கு பேர் பிழைப்பார்கள் என்பதற்காக ஓரமாகக் கிடத்தி வலியை மட்டும் தணிக்க நேரும். முடிவெடுத்தவர் அதை ஆயுள் முழுக்கச் சுமப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது: சிகிச்சை வரிசையை அவசர மருத்துவக் காரணம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்கிறது 1949இன் முதல் ஜெனீவா ஒப்பந்தம். காயம்பட்டவர் நண்பனா பகைவனா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இயந்திரங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தரையில் ஊர்ந்து சென்று காயம்பட்டவரை ஏற்றிவரும் ரோபோ வண்டிகள் உக்ரைனில் வேலைசெய்கின்றன. ட்ரோன்கள் மருந்தும் ரத்தமும் சுமக்கின்றன. 2024 ஆகஸ்டில் இந்தியா உக்ரைனுக்கு அளித்த நான்கு 'பீஷ்ம்' பெட்டகங்கள், தூக்கிச் செல்லக்கூடிய சிறு மருத்துவமனைகள். எல்லாம் பயனுள்ளவை. ஆனால் ரோபோ வண்டி வந்து சேரும்போது உயிரோடு இருப்பவரைத்தான் அது ஏற்றிவர முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காயம் இருக்கிறது. 2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, போரில் மருத்துவமனைகளையும் மருத்துவப் பணியாளர்களையும் தாக்குவதைக் கண்டிக்கும் 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2022 பிப்ரவரிக்குப் பின் உக்ரைனில் மட்டும் மருத்துவ வசதிகள் மீது 2,000க்கும் மேற்பட்ட தாக்குதல்களை உலக சுகாதார நிறுவனம் சரிபார்த்துப் பதிவு செய்திருக்கிறது. காசாவிலும் சூடானின் அல் ஃபாஷிரிலும் மருத்துவமனைகள் போர்க்களமாயின. செஞ்சிலுவைச் சின்னம் குண்டை ஈர்ப்பதால் உக்ரைனில் பல ஆம்புலன்ஸ்கள் அதை அழித்துவிட்டன. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தச் சின்னத்தை மீட்காமல், நிலவறையில் எத்தனை கட்டில் போட்டாலும் போதாது. மருத்துவமனையைத் தாக்கியவர் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் துணிவு நாடுகளுக்கு வர வேண்டும்.

நம் நாட்டிலும் பாதுகாப்பு நிதி ஒதுக்கீடு பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஏவுகணைகளும் விமானங்களும் எத்தனை என்பது தலைப்பில் இருக்கும். அடுத்த முறை அந்தச் செய்தியைப் படிக்கும்போது, எத்தனை நாளுக்கு ரத்தம் இருக்கிறது, எத்தனை படைவீரர்களுக்கு இறுக்குப்பட்டையைக் கட்டவும் அவிழ்க்கவும் தெரியும், நகர மருத்துவமனைகளில் எத்தனை கட்டில்கள் ஒதுக்க முடியும் என்று உங்கள் மக்களவை உறுப்பினரிடம் கேளுங்கள்.